மாடும் ‘பீஃப்’பும்: மலாக்காத் தமிழர் சூழலில் ஒரு சொல்லும் அதன் பொருளும்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டங்களில் தோன்றியவை; சில இன்றும் தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. இப்பள்ளிகளில் பயிலும் மாணவர் ஒருவர் நகரத்து உணவகத்தின் விலைப்பட்டியலில் ‘ரோஸ்ட் பீஃப்’ என்னும் தொடரைக் கண்டு, அதன் பொருளை ஆசிரியரிடம் வினவுவாராயின், “அது மாட்டுக்கறி; நாம் உண்பதில்லை” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை முற்றிலும் தவறு என்று கூறிவிட இயலாது. ஆயினும், அது எந்த மாடு, அதன் எந்தப் பகுதி, எம்முறையில் சமைக்கப்பட்டது, எங்கிருந்து வந்தது ஆகிய நான்கு வினாக்களுக்கும் அவ்விடையில் இடமில்லை.

உணவு விலக்கு உடைய ஒருவருக்கு இவ்வினாக்கள் இன்றியமையாதவை. எதை விலக்குகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்தால்தான் விலக்குதலும் பொருளுடையதாகும். விலக்கு இல்லாத தமிழ்க் கிறித்தவ, தமிழ் முஸ்லிம் மாணவர்களும் அதே வகுப்பறையில் அமர்ந்திருத்தல் கூடும். அவர்களுக்கும் சரியான சொல் வேண்டும். மலாக்காவில் இன்று ‘மாட்டிறைச்சி’ என வழங்கப்படுவது எது என்பதைச் சொல்வழியாகவும் பொருள்வழியாகவும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூன்று மொழிகளில் ஒரு பெயர்

‘பீஃப்’ என்பது ஆங்கிலத்தின் தொல்சொல் அன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துள் புகுந்த சொற்களுள் அதுவும் ஒன்று. பிரெஞ்சில் அது விலங்கையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ, வயலில் நிற்கும் விலங்கிற்கு ‘ஆக்ஸ்’, ‘கவ்’ ஆகிய பழைய பெயர்கள் நிலைத்துவிட, மேசைக்கு வந்த ஊனுக்குப் பிரெஞ்சுப் பெயர் அமைந்தது. ஆட்டிறைச்சியைக் குறிக்கும் ‘மட்டன்’ என்னும் சொல்லும் இவ்வாறே வந்தது. மேய்த்தவர் மொழி வேறாகவும் உண்டவர் மொழி வேறாகவும் இருந்ததன் எச்சமே இவ்விரட்டைப் பெயர்கள் என்னும் கருத்தை வால்டர் ஸ்காட் தமது ‘ஐவன்ஹோ’ புதினத்தின் வழிப் பரவச் செய்தார். பெயர் இவ்வாறு பிரிந்தமையால், ‘பீஃப்’ என்று கேட்டவுடன் ஒரு விலங்கின் உருவம் மனத்தில் எழுவதில்லை; ஓர் உணவுப் பொருளே தோன்றுகிறது.

மலாய் மொழியில் ‘டாகிங்’ என்பது இறைச்சிக்கான பொதுச்சொல். ஆயினும் தீபகற்ப மலேசியாவின் அன்றாட வழக்கில் அடைமொழியின்றி ‘டாகிங்’ என்றால் அது மாட்டிறைச்சியையே குறிக்கும். விலங்கைச் சுட்டும்போது ‘லெம்பு’ என்பது பசுவினத்தையும், ‘கெர்பாவ்’ என்பது எருமையையும் தெளிவாகப் பிரிக்கின்றன. உணவாகும்போது இப்பிரிவு மங்கிவிடுகிறது. உணவங்காடியில் ‘டாகிங்’ என எழுதப்பட்டிருப்பது லெம்புவா, கெர்பாவா என்பதை அப்பலகையைக் கொண்டு அறிய இயலாது.

தமிழிலும் இதையொத்த மயக்கம் உண்டு. ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பது பழம்பொருள்களுள் ஒன்று; கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளில் ஆண்டுள்ளார். விலங்கைக் குறிக்கும்போது பசுமாடு, காளைமாடு, எருமைமாடு என மூன்றிற்கும் அது பொதுவாகிறது. எனவே ‘மாட்டுக்கறி’ என்னும் தொடர் பசுவின் ஊனையும் எருமையின் ஊனையும் ஒருங்கே தழுவுகிறது. தொல்காப்பிய மரபியல் பெற்றத்தையும் எருமையையும் வெவ்வேறு விலங்குகளாகவே எண்ணுகிறது. அதே நேரத்தில் ஏறு, நாகு முதலிய மரபுப்பெயர்கள் இரண்டிற்கும் பொதுவாக வருவதையும் காட்டுகிறது. வேறுபாட்டை அறிந்தே பொதுப்பெயரை வழங்கிய மொழி தமிழ். இன்றைய வழக்கில் பொதுப்பெயர் நிலைத்திருக்க, வேறுபாடு மறைந்து வருகிறது.

விலங்கியல் நோக்கில் இவ்வேறுபாடு பெரிது. பசுவினம் ‘போஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது; எருமை ‘புபாலஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பசுவின் உயிரணுவில் 60 குரோமோசோம்கள் உள்ளன. இந்திய ஆற்றெருமையில் 50உம், மலாய் நாட்டுச் சதுப்பெருமையில் 48உம் உள்ளன. இவ்விருவகை எருமைகளும் தம்முள் கலந்து ஈனும். பசுவும் எருமையும் கலந்து கன்று ஈனுவதில்லை. ஒரே தட்டில் இருக்கும் ஊனை ஆங்கிலேயர் ‘பீஃப்’ எனவும், மலாய்க்காரர் ‘டாகிங்’ எனவும், தமிழர் ‘மாட்டுக்கறி’ எனவும் கூறலாம். எந்த விலங்கு என்பதை மூவரும் கூறியவராகார்.

2. ‘ரோஸ்ட் பீஃப்’ என்பது யாது?

‘ரோஸ்ட்’ என்பது நீர் சேர்க்காமல் உலர்வெப்பத்தில் ஊனை வேகவைக்கும் முறை. முற்காலத்தில் இரும்புக் கம்பியில் ஊனைக் கோத்து, எரியும் நெருப்பின் முன் சுழற்றி வாட்டினர். இன்று மூடிய வெப்ப அடுப்பில் பெருந்துண்டாக வைத்துச் சுடுகின்றனர். மேற்பரப்பு பழுப்பேறி மணம் பெறுவதற்குக் காரணமான வேதிவினையைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912ஆம் ஆண்டில் விளக்கினார்; ஊனில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் மிகுவெப்பத்தில் இணைவதால் நிகழ்வது அது. உட்பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 50 முதல் 55 பாகை செல்சியசில் நின்றால் ஊன் சிவந்திருக்கும். 70 பாகையைக் கடந்தால் முழுவதும் வெந்து நிறம் மாறும். வெந்த துண்டைச் சற்று ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து, வடிந்த சாற்றில் செய்த குழம்புடன் பரிமாறுவர்.

இம்முறைக்கு எல்லா ஊனும் ஏற்றதன்று. விலங்கின் உடலில் மிகுதியாக உழைக்கும் தசைகள் கடினமானவை. குறைவாக உழைப்பவை மென்மையானவை. முதுகின் இருபுறமும் உள்ள தசைகள் உடலைத் தாங்குகின்றனவேயன்றி நடப்பதற்கு மிகுதியாகப் பயன்படுவதில்லை. ஆதலால் விலாப்பகுதியும், ‘சர்லாயின்’ எனப்படும் பின்முதுகுப் பகுதியும் சுடுவதற்குச் சிறந்தவை எனக் கருதப்படுகின்றன. தொடையின் உட்புறமான ‘டாப்சைட்’ அடுத்த நிலையினது. கழுத்து, மார்பு, முன்னங்கால் ஆகியவற்றில் இணைப்புத்திசு மிகுதி. நீரில் நெடுநேரம் வெந்தாலன்றி அவை நெகிழா. ‘சர்லாயின்’ துண்டுக்கு அரசர் ஒருவர் ‘சர்’ பட்டம் வழங்கினார் என்பது வெறுங்கதை. இடுப்பின் மேற்பகுதி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே அது.

பகுதியைப் போலவே விலங்கின் வளர்ப்பும் முதன்மையானது. ஹெர்ஃபோர்டு, அபர்டீன் ஆங்கஸ் முதலிய பிரித்தானிய இனங்கள் ஊனுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்க்கப்பட்டவை. இளமையிலேயே விதையடிக்கப்பட்ட காளைகள் செழும்புல்லோ தானியமோ உண்டு, எவ்வுழைப்பிலும் ஈடுபடாமல், சில ஆண்டுகளுக்குள் கொல்லப்படுகின்றன. அறுத்த உடலைக் குளிரறையில் பல நாள் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதும் உண்டு. ஊனிலுள்ள நொதிகள் அக்காலத்தில் தசையை மென்மையாக்குகின்றன.

இவ்வுணவு ஆங்கிலேயரின் நாட்டுப்பற்றோடும் பிணைந்தது. ஹென்றி ஃபீல்டிங் 1731ஆம் ஆண்டில் தம் நாடகத்திற்காக இதனைப் போற்றும் பாடலொன்றை எழுதினார். ஓவியர் ஹோகார்த் 1748ஆம் ஆண்டில் இதே பொருளில் ஓர் ஓவியம் தீட்டினார். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரை எள்ளி ‘ரோஸ்பிஃப்’ என்றே அழைப்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்திற்குச் செல்லுமுன் அடுப்பில் வைத்து, திரும்பி வந்து குடும்பத்துடன் உண்ணும் நண்பகல் உணவாக அது வேரூன்றியது.

சுட்ட ஊன் தமிழ்மரபுக்கு அயலானதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்தில் இருவகை ஊன் வருகின்றது: அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் தொடையை வேகவைத்தது ஒன்று, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்டது மற்றொன்று. முன்னது ‘வேவை’, பின்னதற்குரிய கம்பி ‘காழ்’. நீரில் வேவதையும் தீயில் சுடுவதையும் சொல்லாலேயே பிரித்த மொழிக்கு, ‘ரோஸ்ட்’ என்பதை விளக்குவது கடினமன்று. ‘சூட்டிறைச்சி’ என அதனைத் தமிழில் வழங்கலாம். ‘வறுவல்’, ‘பொரியல்’ எனப் பாடநூல்களிலும் பட்டியல்களிலும் எழுதுவது பொருந்தாது. அவை இரண்டும் வாணலியையும் எண்ணெயையும் குறித்து நிற்பவை.

3. உழைக்கும் மாட்டிற்கு உரிய சொற்கள்

ஒரு சமூகம் விலங்கோடு கொண்ட உறவை அதன் சொற்களஞ்சியம் காட்டும். ஆட்டிறைச்சியில் தொடைக்கறி, கழுத்துக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எனப் பகுதிவாரியாகக் கேட்டு வாங்கும் தமிழர், மாட்டிற்கு அத்தகைய பெயர்களைப் பரவலாக வழங்குவதில்லை. மாட்டிற்குரிய சொற்கள் வேறு திசையில் பெருகியுள்ளன. கன்று, கிடாரி, கறவை, சினைமாடு, வறட்டுமாடு, காளை, எருது என்பன வயதையும் பயனையும் குறிப்பன. மயிலை, செவலை, காரி என்பன நிறத்தால் அமைந்தவை. கொம்பின் வளைவிற்கும், உடலிலுள்ள சுழிகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவை யாவும் உயிரோடு நிற்கும் மாட்டைப் பார்த்து வாங்கவும் விற்கவும் பழக்கவும் பயன்படுபவை.

ஊனுக்காகவே வளர்த்து இளமையில் கொல்லப்படும் விதையடித்த காளையைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஸ்டீர்’ என்னும் தனிச்சொல் உண்டு. தமிழில் விதையடித்தது எருது. அது ஏருக்கும் வண்டிக்கும் உரியது. ‘ஸ்டீர்’ என்பதை ‘எருது’ என மொழிபெயர்ப்பின், உழைப்பே வாழ்வாகிய விலங்கின் பெயரை உழைப்பே அறியாத விலங்கிற்கு இட்டவராவோம். ‘இறைச்சிக்காளை’ என விளக்கமாகக் கூறுவதே தகும்.

மலாக்காவின் வளைந்த கூரையுடைய மாட்டுவண்டி அம்மாநிலத்தின் அடையாளங்களுள் ஒன்று. வண்டி இழுத்தும் உழுதும் பால் கறந்தும் முதிர்ந்த மாடுகளே தென்கிழக்காசியாவில் நெடுங்காலம் ஊனுக்கு வந்தன. அத்தகைய ஊனைச் சுட்டால் உண்ண இயலாது. தேங்காய்ப்பாலில் பல மணிநேரம் வற்றவைக்கும் மலாய் ‘ரெண்டாங்’, மலாக்கா யூரேசியர் சமைக்கும் ‘செமுர்’ ஆகியவை மெல்லெரியில் நெடுநேரம் வேவன. ‘செமுர்’ என்னும் பெயரே, மூடிய பாத்திரத்தில் மெல்ல வேகவைத்தலைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வழிவந்தது. டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றியது 1641ஆம் ஆண்டில். கடினமான ஊனும் நெடுநேரச் சமையலும் ஒன்றுக்கொன்று பொருந்துவன. ‘ரோஸ்ட் பீஃப்’ வேறொரு வேளாண்மைச் சூழலில் பிறந்த உணவு.

4. தோட்டத்து மாடு

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் மலாக்காவில் தோன்றியது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார்; அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரக்காடுகள் பரவ, தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து லயங்களில் குடியேறினர். நாட்கூலி வாழ்வில், மழைநாளில் மரம் சீவ இயலாது. சீவாத நாளில் வருவாய் குறையும். இக்குறையை நிரப்பியவற்றுள் மாடு முதன்மையானது. லயத்தின் பின்புறம் கொட்டகை, மரங்களுக்கிடையே மேய்ச்சல், காலையில் கறந்த பால் கிராணி வீடுகளுக்கும் அருகிலுள்ள பட்டணத்துத் தேநீர்க்கடைகளுக்கும் விற்பனை என்பதே பல தோட்டக் குடும்பங்களின் நடைமுறை. மகளின் திருமணத்திற்கோ, மகனின் இடைநிலைப்பள்ளிச் செலவிற்கோ ஒரு மாட்டை விற்றுப் பணம் திரட்டினர். மாடு என்னும் சொல்லின் பழம்பொருளாகிய செல்வம், தோட்டத்தில் நேர்ப்பொருளாகவே வாழ்ந்தது எனலாம்.

இந்தியரோடு இந்நாட்டிற்கு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடை ஆய்வாளர் ‘உள்ளூர் இந்தியக் கறவை’ எனத் தனி வகையாகவே குறிப்பிடுகின்றனர். மலாய்ச் சிற்றூர்களில் பரவியுள்ள ‘கெடா-கிளந்தான்’ இனம் உருவில் சிறியது. உழவுக்கும் ஊனுக்கும் உரியது. பாலுக்காக மாடு வளர்த்தல் இந்நாட்டில் நெடுங்காலம் பெரிதும் இந்தியர் தொழிலாகவே இருந்தது. வட இந்திய முரா எருமைகளும் பாலுக்காகவே கொண்டுவரப்பட்டன.

இங்கு வெளிப்படையாகப் பேசப்படாத ஓர் உண்மையையும் பதிவு செய்தல் வேண்டும். பால்மாடு வளர்ப்பில் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். கறவை வற்றிய மாட்டிற்கும் தீனி வேண்டும். வண்டியும் ஏரும் இல்லாத தோட்டத்தில் காளைக்கும் வறட்டுமாட்டிற்கும் பணியில்லை. அவை தரகரிடம் விற்கப்பட்டன. மாட்டுப்பொங்கலன்று கொம்பிற்கு வண்ணம் பூசி வணங்கப்பட்ட விலங்கு, பிறிதொரு நாளில் தரகர் வண்டியேறிப் போனபின் எங்குச் சென்றது என்று வினவுவார் இலர். இது போலித்தனம் எனக் கடிந்துரைப்பதற்கு உரியதன்று; பால் உண்ணும் சமூகம் எங்கும் எதிர்கொள்ளும் முரண்பாடு இது. பாலும் ஊனும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகள் என்பது இந்நாட்டு இறைச்சியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

துரை பங்களாவின் நிலை வேறு. 1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘கோல்டு ஸ்டோரேஜ்’ நிறுவனம் தொடங்கப்பெற்று, ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த இறைச்சியைக் கொண்டுவந்தது. குளிரூட்டும் தொழில்நுட்பம் வந்தபின், ஐரோப்பியர் தம் நாட்டு முறையிலான சூட்டிறைச்சியை மலாயாவிலும் உண்ண வழி பிறந்தது. கொட்டகையிலிருந்த மாடும் பங்களா மேசையிலிருந்த மாடும் பெயரளவில் ஒன்று. இனத்தாலும் வளர்ப்பாலும் வெவ்வேறு.

1960களுக்குப் பின் இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது தோட்டத்து மாட்டின் வாழ்வு சுருங்கியது. இளஞ்செம்பனையின் ஓலையை மாடுகள் மேய்ந்துவிடும் என்பதால் மேய்ச்சலுக்குத் தடைகள் எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, குடும்பங்கள் நகர்ப்புற மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன; அங்குக் கொட்டகைக்கு இடமில்லை. பின்னாளில் செம்பனைத் தோட்டங்களிலேயே, முதிர்ந்த மரங்களுக்கிடையே களைகளை மேயவிட்டு இறைச்சிமாடு வளர்க்கும் ஒருங்கிணைப்புத் திட்டங்களை அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் ஊக்குவித்தன. தொழிலாளியின் கறவைமாடு வெளியேறிய காட்டில் இறைச்சிமாடு நுழைந்தது என்பது எண்ணத்தக்கது.

5. இன்றைய இறைச்சி வரும் வழி

மலேசியா தன் மாட்டிறைச்சித் தேவையில் கால் பங்கிற்கும் குறைவாகவே உள்நாட்டில் உற்பத்தி செய்கிறது. எஞ்சியது இறக்குமதி. அவ்விறக்குமதியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. அடுத்து ஆஸ்திரேலியா முதலிய நாடுகள். இந்தியாவின் ஏற்றுமதி விதிகள் பசு, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துள்ளன. எலும்பு நீக்கிய எருமை இறைச்சிக்கு இசைவு உண்டு. ஆகவே முறையான வழியில் இந்தியாவிலிருந்து மலேசியாவிற்கு வரும் ‘பீஃப்’ எருமையின் ஊனே. வணிகக் குறிப்புகளில் அதற்குக் ‘கராபீஃப்’ என்னும் பெயரும் உண்டு. ‘கராபாவ்’ என்பது பிலிப்பைன்சில் எருமைக்கு வழங்கும் பெயர்.

இந்தியாவின் மொத்தப் பாலில் ஏறத்தாழப் பாதி எருமையிலிருந்து கிடைக்கிறது. பால் வற்றிய எருமைகளும் கடாக்களும் ஊனாகின்றன. மலாக்காத் தோட்டத்துக் கொட்டகையில் கண்ட அதே பொருளாதாரம், இங்குப் பேரளவில் இயங்குகிறது. அறுத்த உடலை 2 முதல் 4 பாகைக் குளிரில் 24 மணிநேரம் வைத்து, ஊனின் அமிலத்தன்மை உரிய அளவை எட்டியபின், எலும்பையும் நிணநீர்க் கணுக்களையும் நீக்குகின்றனர். கோமாரி நோய்க் கிருமி பரவாமல் தடுப்பதற்கான முறை இது. பின்னர் உறையவைத்து, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றுகின்றனர். அறுப்புக்கூடங்கள் மலேசியக் கால்நடைத் துறையின் ஒப்புதலையும் ஹலால் ஒப்புதலையும் பெற்றிருத்தல் வேண்டும்.

இவ்விவரங்களிலிருந்து மலாக்கா உணவகத் தட்டைப் பற்றிச் சில முடிவுகளுக்கு வரலாம். விலாவெலும்போடு சுட்டுப் பரிமாறப்படும் இறைச்சி இந்தியாவிலிருந்து வந்திருக்க இயலாது. அது பெரும்பாலும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பசுவினத்தைச் சேர்ந்தது. சாதாரண உணவங்காடியின் குழம்பிலும் ‘ரெண்டாங்’கிலும் பர்கரிலும் இடம்பெறும் மலிவான உறைந்த இறைச்சி எருமையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. விழாக்காலங்களில் உள்ளூரில் அறுக்கப்படுவது லெம்புவாகவோ கெர்பாவாகவோ இருக்கலாம். மூன்றிற்கும் பெயர் ஒன்றே.

6. விலக்கின் பல முகங்கள்

சங்க இலக்கியம் ஊனுணவை மறைப்பதில்லை. பாலைத்திணைப் பாடல்கள் சிலவற்றில், ஆநிரை கவர்ந்த வீரர் கொழுத்த ஆவைக் கொன்று உண்ட செய்தி வருகின்றது. அகநானூற்றைப் பயின்றோர் இதனை அறிவர். அதே காலப் புறநானூற்றில், போர் தொடங்குமுன் ஆவினத்தைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு செல்லுமாறு அறிவித்தல் அறமாகப் பேசப்படுகிறது. ஆவின் மடியறுத்தல் கொடும்பாவங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. திருக்குறள் புலான்மறுத்தல் அதிகாரத்தில் எல்லா ஊனையும் விலக்குகிறது. பசுவைத் தனித்துக் கூறுவதில்லை. தமிழர் என்றும் மாட்டூன் உண்டதில்லை என்பதும், விலக்கு முழுவதும் பிற்கால வரவு என்பதும் ஆகிய இரு கூற்றுகளும் சான்றுகளுக்கு ஒவ்வா.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள், ஊரில் மாட்டூன் உண்ணும் வழக்கமுடைய சமூகத்தாரும் இருந்தனர். சாதி அடுக்கில் அவர்களைத் தாழ்த்துவதற்கு அவ்வுணவே காரணமாகக் காட்டப்பட்டது. பல இனச் சமூகமாகிய இந்நாட்டில் மாட்டூன் விலக்கு சாதி எல்லைகளைக் கடந்து, இந்துத் தமிழர் அனைவருக்கும் பொதுவான சமய அடையாளமாக வலுப்பெற்றது. இழிவைத் துறக்கும் வழியாகவும் பலர் அதனை மேற்கொண்டனர். இவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர், உண்பாரை இழித்துரைக்கும் சொற்களை வகுப்பறையில் இடம்பெற விடமாட்டார்.

மலாக்காவிலேயே வேறு சான்றுகளும் உள. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் தமிழ் பேசுதலை இழந்தும் மலாய்ச் சமையலைத் தழுவியும் வாழ்பவர்கள். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலைப் போற்றி வருவதைப் போன்றே மாட்டூன் விலக்கையும் காத்து வருகின்றனர். மொழி மறைந்த பின்னும் உணவு விலக்கு நின்றது. குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனர் பலரும் மாட்டூனை விலக்குகின்றனர். அத்தெய்வத்தை முதன்மையாகக் கொண்ட செங் ஹூன் தெங் கோயிலும் மலாக்கா நகரிலேயே உள்ளது. ஆகவே இவ்விலக்கு இந்துக்களுக்கு மட்டும் உரியது என மாணவர் கருதுதல் பொருந்தாது.

எருமையின் இடம் எது என்பது எஞ்சும் வினா. பசுவிற்குரிய தெய்வத்தன்மை எருமைக்கு வழங்கப்படவில்லை. அது எமனின் ஊர்தியாகவும் மகிடாசுரனின் உருவாகவும் அறியப்படுவது. நீலகிரித் தோடர்களுக்கோ எருமையே புனித விலங்கு. இந்துத் தமிழருள் பசுவை மட்டும் விலக்குவோரும் உளர். இரண்டையும் விலக்குவோரும் உளர். எது சரி எனத் தீர்ப்பளித்தல் மொழியாசிரியரின் பணியன்று. எது எது என்று தெரிந்து தெரிவு செய்வதற்கான சொல்லை வழங்குவதே அவர் பணி.

7. வகுப்பறைக்கு உரியவை

முதலாவதாக, ‘மாட்டிறைச்சி’ என்னும் பொதுச்சொல்லோடு ‘பசுவின இறைச்சி’, ‘எருமை இறைச்சி’ ஆகிய சிறப்புச்சொற்களையும் கற்பிக்க வேண்டும். ‘பீஃப்’, ‘டாகிங்’ ஆகியவற்றிற்கு நேராக இவற்றுள் எது பொருந்தும் என்பதைச் சூழலைக் கொண்டே துணியலாம் என்பதையும் உணர்த்த வேண்டும்.

இரண்டாவதாக, பொட்டலங்களின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்கும் பயிற்சி தேவை. 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள், ஓர் உணவில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றின் வழிப்பொருள்களோ இருப்பின் அதனை மேலுறையில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. ஹலால் முத்திரை இஸ்லாமிய நெறிக்கு உட்பட்டதா என்னும் வினாவிற்கே விடை தருகிறது. மாடு கலந்ததா என்னும் வினாவிற்கு விடை தருவதில்லை. மிட்டாய், மருந்துக்குளிகை ஆகியவற்றிலுள்ள ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுக்கப்பட்டு, முறைப்படி ஹலால் சான்று பெற்றதாகவும் இருக்கலாம். மறுதலையாக, ‘மிஞாக் சாப்பி’ என்னும் மலாய்த்தொடர் மாட்டுக்கொழுப்பைக் குறிப்பதாகத் தோன்றினும், அது நெய்யையே குறிக்கும்.

மூன்றாவதாக, விருந்தோம்பல் துறையும் சமையற்கலையும் பயிலும் தமிழ் மாணவர்களை நினைவிற்கொள்ளல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற மலாக்கா நகரில் தங்குவிடுதிகளும் உணவகங்களும் வேலைக்களங்களாக உள்ளன. தாம் உண்ணாத ஊனையும் வெட்டிப் பரிமாறும் பணியில் ஈடுபடுவோருக்கு, அதன் பகுதிகளையும் சமைக்கும் முறையையும் தாய்மொழியில் விளக்கும் நூல்கள் அரியனவாகவே உள்ளன.

முடிவுரை

‘ரோஸ்ட் பீஃப்’ என்பது ஊனுக்கென வளர்த்த இளங்காளையின் மென்மையான பகுதியை உலர்வெப்பத்தில் சுட்ட உணவு. மலாக்காவின் அன்றாடச் சந்தையில் ‘டாகிங்’ எனப் பெருமளவில் விற்பனையாவதோ, இந்தியப் பால்வளத்தின் மறுமுனையாகிய எருமை இறைச்சி. தோட்டத்தில் தமிழர் வளர்த்த மாடு இவ்விரண்டினும் வேறானது; அது கறவையும் சேமிப்புமாக விளங்கியது. மூன்றையும் ‘மாட்டுக்கறி’ என்னும் ஒரே சொல்லுள் அடக்கும்போது, உண்பவர் உண்பதையும் விலக்குபவர் விலக்குவதையும் அறியாமற் போகின்றனர். கிடாரி, சினைமாடு, வறட்டுமாடு, செவலை எனத் தோட்டத்துப் பெரியோர் வழங்கிய சொற்கள் அடுக்குமாடிகளில் வளரும் தலைமுறையிடம் அருகி வருகின்றன. அச்சொற்களைப் பேசியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே, மலாக்காத் தோட்டப் பகுதிகள்தோறும் அவற்றைத் தொகுக்கும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இணைந்து மேற்கொள்ளலாம்.